தராசில் ஜம்போ

எடை பார்க்கும் தட்டில் மகனைக் கிடத்திவிட்டு அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

எண்கள் ஓடின.

ஆயிரத்து எண்ணூறு கிராம் வந்தால் இன்றே வீடு. வராவிட்டால் மறுபடி இதே குறைமாதப் பிள்ளைகள் வார்டு.

பக்கத்துக் கட்டில் செவ்வந்தி விடிந்ததிலிருந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். நனைந்த துணியை மாற்றாதே, அதுவும் எடையில் சேரும் என்றாள். வயிறு முட்டப் பால் கொடு என்றாள். வெள்ளிக் காப்பு இருந்தால் போட்டுவிடு, கனமான காப்பாக இருக்கட்டும் என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

அவள் துணியை மாற்றவில்லை.

சிஸ்டர் ஜெயசீலி வந்ததும் அதை உருவி வாளியில் போட்டார்.

பிள்ளை காலை உதைத்தான். எண்கள் மேலே போயின, கீழே வந்தன.

"ஜம்போ, ஆடாமக் கெட" என்றார் சிஸ்டர்.

வார்டிலேயே சிறிய பிள்ளைக்கு அந்தப் பெயர்.

முதல் தடவை கேட்டபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிஸ்கட் பாக்கெட்டிலும் சோப்புத்தூள் பையிலும் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறாள். பெரிதாக இருப்பதற்குத்தான் அப்படிப் போடுவார்கள். எட்டாவதோடு நின்றவளுக்கும் கேலி புரியும்.

அப்புறம் சிஸ்டரிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு மத்தியானம், உடம்புச் சூடு கிடைக்கட்டும் என்று பிள்ளையை அவள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடும்போது சிஸ்டர் தானாகவே சொன்னார்.

ஜம்போ ஒரு யானை. ஆப்பிரிக்காவில் பிடித்துக் கப்பல் ஏற்றினார்கள். லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தபோது சின்னக் குட்டி. எலும்பும் தோலும். பிழைக்காது என்று நினைத்தார்கள். ஒரே ஒரு காவலாள் கூடவே கிடந்து தேற்றினான். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆப்பிரிக்கப் பேச்சில் யானை என்கிறார்கள். தலைவன் என்கிறார்கள். வணக்கம் என்றும் சொல்கிறார்கள். குட்டி வளர்ந்தது. பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தது. அதற்குப் பிறகுதான் பெரிதாக எதைக் கண்டாலும் ஊர் உலகம் அதன் பெயரைச் சொல்லத் தொடங்கியது.

"அவன் வளந்த பெறவுதாம்மா அந்தச் சொல்லும் பெருசாச்சு."

அன்றைக்குப் பிறகு நெஞ்சுக்கட்டை அவிழ்க்கவே அவளுக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

எண்கள் நின்றன.

சிஸ்டர் குனிந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை குனிந்தார்.

ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து.

துணி இல்லை. காப்பு இல்லை.

அவ்வளவும் அவன்தான்.

செவ்வந்தி கை தட்டினாள். அடுத்த கட்டிலும் தட்டியது. வார்டு முழுக்கத் தட்டியதில் எங்கோ ஒரு குழந்தை மிரண்டு அழுதது. அதற்கும் சிரித்தார்கள்.

அவள் மகனைத் துண்டில் சுற்றி வாரி எடுத்தாள்.

கனத்தான்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கடைசிக் கட்டிலைத் தாண்டும்போது அவளுடைய நடை தடைப்பட்டது. நேற்று வந்த பெண். பிள்ளை இவனைவிடச் சிறிசு. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக் கிடந்தாள். யாரோ அவளுடைய பிள்ளையையும் ஜம்போ என்று கூப்பிட்டிருக்க வேண்டும்.

இத்தனை நாளில் அவளாகப் போய் யாரிடமும் பேசியதில்லை.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். போர்வை மெல்ல விலகி இரண்டு கண்கள் தெரிந்தன.

அவள் மகனைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தாள். வந்த புதிதில் எண்ணிவிடலாம் போலிருந்த விலா எலும்புகளின் மேல் இப்போது சதை மூடியிருந்தது. தொடையில் ஒரு மடிப்பு.

கண் பட்டுவிடும், மூடடி என்று செவ்வந்தி அங்கிருந்தே கத்தினாள்.

அவள் இன்னும் கொஞ்சம் பிரித்தாள்.