வலது ஓரம்

"கமலம், திரும்பவும் நீதான் கையை வெச்சியா?"

டாக்டர் ராகவன் எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து கிளினிக். ஹால் டிவியில் டோக்கன் லிஸ்ட் பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தது.

"காசு குடுத்து வாங்கின டிவி. பாதி தெரிஞ்சா கேவலமா இல்ல?"

ரிசப்ஷன் கமலம் குனிந்து டோக்கன் சீட்டுகளை அடுக்கினாள். டாக்டர் ரூமுக்குள் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் சரிசெய்ய வந்த ஜெகதீஷுக்கு எரிச்சல். "இது லினக்ஸு, அக்கா. ரெசல்யூஷன், அதான் திரையில தெரியற அளவு, தானா கொறையாது. நான் ஏத்திவுட்டுப் போறேன், நீ எறக்கி வெச்சுக்கினே கீற."

"டோக்கனும் பேரும் தெரியுது. போதாதா தம்பி?"

"போதாது. தெரியாத வேலையில கை வெச்சா இப்டித்தான்."

"எப்பவும் போல மத்தியானம், ஆளுங்க போனப்புறம் பண்ணக்கூடாதா நைனா?"

"மத்தியானம் ஆவடியில வேலை கீது, அக்கா."

சொல்லிக்கொண்டே 1920க்கு 1080 வைத்து அமுக்கினான்.

லிஸ்ட் முழுசாக விரிந்தது. டோக்கன், பேர், அதுக்கப்புறம் அதுவரை தெரியாமலிருந்த கடைசிக் கட்டம்: என்ன டெஸ்ட்.

ஏழு. குப்பம்மா. எச்.ஐ.வி.

முன் வரிசையில் இருந்த குப்பம்மா நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

குப்பம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள். கமலம் பின்னாலேயே ஓடினாள்.

ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன் என்று ஜெகதீஷ் அவசரமாக மவுஸை இழுத்தான்.

கமலம் தனியாகத்தான் திரும்பினாள்.

"ஷேர் ஆட்டோல ஏறிடிச்சு. எவ்ளோ கெஞ்சி டெஸ்ட்டுக்கு இட்டாந்தேன் தெரியுமா? இனிமே எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்காது."

"டாக்டராண்ட சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னேன். சாஃப்ட்வேரு அப்டித்தான், உன் வேலையைப் பாருன்னாரு. அதான் நீ அந்தாண்ட போனதும் ஓரத்தை வெட்டிடுவேன். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

ரூமிலிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா? இன்னொரு தடவை இவ கெடுத்தா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்."

ஜெகதீஷ் அதற்குள் கடைசிக் கட்டம் மறையும்படி 800க்கு 600 வைத்து முடித்திருந்தான்.

"இவங்க ஒண்ணும் பண்ணல சார். டிவிதான் போயிடுச்சு. இனிமே இதுக்கு மேல காட்டாது."