துரை குரைக்கவில்லை

குரைக்க வேண்டிய நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

டைரக்டர் தலையில் கை வைத்தார். காட்சி இவ்வளவுதான். பல வருஷம் ஜெயிலில் கிடந்தவன் வீடு திரும்புகிறான். வாசலில் கிடக்கும் நாய் பாய்ந்துவந்து குரைக்கிறது. சொந்த வீட்டு நாய்க்கே தான் யாரோ ஆகிவிட்டோம் என்று அவன் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். சேனல்காரர்கள் வாசித்ததுமே கை தட்டிய காட்சி.

அதற்காகவே ராஜபாளையத்தைத் தாண்டி சேத்தூரில் இந்த வீட்டைப் பிடித்தார்கள். வீட்டோடு நாயும் கிடைத்தது. பெயர் துரை. வெளியாளைக் கண்டால் ஆகாத வெள்ளை நாய். காலையில் ஹீரோ டீ ஷர்ட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கியபோது அது குரைத்த குரைப்பில், மனிதர் திரும்ப வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். டைரக்டர் பூரித்துப்போனார்.

கேமராவை வைத்ததும் அதற்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

ஹீரோ கேட்டைத் திறந்தால் ஓடிவந்து காலைச் சுற்றியது. முனகியது. முன்னங்கால்களைத் தூக்கி அவர் நெஞ்சில் வைத்துச் சட்டைக்குள் மூக்கைப் புதைத்தது. நாய் என்றாலே நடுங்குகிற ஹீரோ அசையாமல் நின்றார்.

பிஸ்கட்டைக் காட்டிப் பிடுங்கிப் பார்த்தார்கள். கம்பை ஓங்கிப் பார்த்தார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து தானே குரைத்துக் காட்டினார். துரை அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

காஸ்ட்யூம் அசிஸ்டென்ட் வின்சிக்கு எரிச்சல் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு டேக்கிலும் நாய் சட்டையில் மண்ணைப் பூசும். ஒவ்வொரு தடவையும் அவள்தான் ஓடிப்போய்த் தட்ட வேண்டும்.

அந்தச் சட்டைக்காகக் காலையில் அவள் வாங்கிய பேச்சே போதும். புதுச் சட்டையை டீத்தண்ணீரில் நனைத்து, கல்லில் தேய்த்துப் பழசாக்கிக் கொண்டுவந்திருந்தாள். ஜவுளிக்கடை பொம்மை மாதிரி இருக்கிறது என்று டைரக்டர் அதை எல்லார் முன்னாலும் விட்டெறிந்தார். வேறு சட்டை இல்லையென்றால் அவள் ஊருக்கு பஸ் ஏறலாம் என்றும் சொல்லிவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவளுக்கு, அறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கிய கட்டம் போட்ட சட்டை தென்பட்டது. நைந்த காலர். மடித்துவிட்ட கை மடித்தபடியே இருந்தது. அசல் பழசு.

வீட்டுக்கார அக்கா வெங்கடேஸ்வரி தயங்கினாள்.

"அது துவைக்காம கெடக்கு தாயி. வேற எடுத்துத் தாரேனே."

எங்களுக்கு வேண்டியதே அதுதான் என்று சிரித்தபடி வின்சி எடுத்துக்கொண்டு ஓடினாள். வேலை தப்பியது.

வெயில் இறங்கியது. கத்தி ஓய்ந்த டைரக்டர், எப்படியோ தொலையட்டும் என்று கடைசியாக ஒரு டேக் எடுத்தார். துரை நெஞ்சில் காலை வைத்தது. பயந்து பயந்து அலுத்துப்போயிருந்த ஹீரோவுக்கு என்ன தோன்றியதோ, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அடுப்படி வாசலில் வெங்கடேஸ்வரியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேடிக்கை பார்க்கிறவர்கள் அழுவது ஷூட்டிங்கில் சகஜம்தான்.

மறுநாளிலிருந்து வெங்கடேஸ்வரியின் போன் வர ஆரம்பித்தது. சட்டை எப்போது வரும்? விட்டுப்போன ஷாட் ஏதாவது எடுக்க வேண்டியிருந்தால் அதே சட்டை வேண்டும், ஒளிபரப்பு முடிந்ததும் தருகிறோம் என்று வின்சி விளக்கினாள். புதுசாக இரண்டு வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த நாள் மறுபடி அதே கேள்வி. ஒரு பழைய சட்டைக்கு மனுஷியின் உயிரை இப்படியா வாங்குவார்கள் என்று வின்சி பல்லைக் கடித்தாள்.

எபிசோட் வந்தது. எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. வீடே மறந்தவனை நாய் மட்டும் மறக்கவில்லை என்று எழுதித் தள்ளினார்கள். நாயை எத்தனை மாதம் பழக்கினீர்கள் என்று கேட்டவர்களிடம் டைரக்டர் சிரித்துவைத்தார்.

இரவல் வாங்கிய துணியை அழுக்காகத் திருப்பித் தருவது காஸ்ட்யூம்காரர்களுக்கு மானக்கேடு. யூனிட் தங்கியிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் லாட்ஜில் வின்சி அதை ராத்திரி முழுக்க ஊறவைத்தாள். வாசனைத் தண்ணீர் விட்டு அலசினாள். கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்து, கூடவே பால்கோவாவும் வாங்கிக்கொண்டு, சனியன் இன்றோடு விட்டது என்று சேத்தூருக்குப் போனாள்.

சட்டையைத் தட்டித் தட்டி அவள் கை துரைக்குப் பழகியிருந்தது. படுத்தபடியே வாலை ஆட்டி உள்ளே விட்டது.

ஹாலில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள். ஷூட்டிங்குக்காக ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் காலி செய்து வைத்திருந்த சுவரில் இப்போது ஒரு போட்டோ மாட்டியிருந்தது. மீசை வைத்த மனிதர். அதே கட்டம் போட்ட சட்டை. சந்தன மாலை.

துவைக்காமல் கிடக்கிறது என்று அந்தம்மா சொன்னதைக் கூச்சம் என்றல்லவா நினைத்திருந்தாள்.

வெங்கடேஸ்வரி சட்டையை இரண்டு கைகளாலும் வாங்கினாள். முகத்தோடு சேர்த்து வைத்தாள்.

"நல்லா வெளுத்திருக்கீக தாயி" என்றாள்.

துரை எழுந்து வந்தது. அவள் குனிந்து சட்டையை அதனிடம் நீட்டினாள். முகர்ந்தது. காலரை, கையை, மறுபடி காலரை முகர்ந்தது.

பிறகு பின்வாங்கி நின்று, சட்டையைப் பார்த்துக் குரைத்தது.