முதல் பதிப்பு

“அந்தக் கொழும்பு அத்தியாயத்துலேருந்து ஒரு பத்திய வாசிங்க அண்ணாச்சி, கேப்போம்” என்றாள் முன்வரிசையிலிருந்து இந்துமதி.

விக்டர் மைக்குக்கு முன்னால் அப்படியே நின்றார்.

நாவல் அவர் கையில்தான் இருந்தது. நடுவாக்கில் ஒரு பக்கத்தைப் பிரித்தார். கொழும்பு அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது.

பக்கம் முழுக்க எழுத்து. அதில் ஒன்றைக்கூட அவரால் வாசிக்க முடியவில்லை.

கண்ணில் கோளாறு இல்லை. தாளின் மடிப்பு தெரிந்தது, ஓரத்துத் தேநீர்க் கறை தெரிந்தது. பக்கவாதம் வந்துபோனதில் கைகால் தப்பியது, பேச்சு தப்பியது, வாசிப்பு மட்டும் போய்விட்டது. பேனாவைக் கொடுத்தால் எழுதுவார். எழுதி முடித்ததை அவராலேயே வாசிக்க முடியாது.

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், பேசச் சொன்னார். வாசிக்கச் சொல்லவில்லை. விக்டரும் அதைச் சொல்லவில்லை.

மனைவி பிளாரன்ஸுக்கும் தெரியாது. காலையில் அவள் முன்னால் பேப்பரை விரித்துவைத்து, நேரம் பார்த்துப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரிசையில் சிவப்பிரகாஷ் உட்கார்ந்திருந்தார். விக்டர் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியின் மேனேஜர். ஏற்றுமதிப் பத்திரங்களை எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பதுதான் விக்டரின் வேலை. ஒரு பெயர் பிசகினால் போதும், கண்டெய்னர் ஏதோ ஒரு துறைமுகத்தில் சும்மா கிடக்கும்.

மருத்துவ விடுப்பு முடிந்து நாளை வேலையில் சேர வேண்டும்.

கிரேட் காட்டன் ரோட்டு மாடியில் நடக்கும் இந்த வாசகர் கூட்டத்துக்கு அவர் வராமல் இருந்ததே இல்லை. இன்றைக்கு வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு பிளாரன்ஸையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இதுவரை ஒழுங்காகத்தான் போயிற்று. மூன்று புத்தகங்களைப் பற்றி அவர் பேச வேண்டும். நோய்க்கு முன்பே வாசித்திருந்த உப்பள நாவலை வழக்கம்போலக் கிழித்துத் தொங்கவிட்டார். “அழ வைக்கணும்னே எழுதிருக்காரு. ஒருத்தரும் ஒருவாட்டிகூட சிரிக்கல. உப்பளத்துல சிரிக்காத ஆளு உண்டா?” கூட்டம் சிரித்தது. பழைய காலராக் காலத்தைப் பற்றிய கட்டுரை நூலில் தகவலுக்குக் குறைவில்லை, செத்தவர்களில் ஒருவர் முகம்கூட மனதில் நிற்கவில்லை என்றார்.

மூன்றாவது, காணாமல்போன புருஷனைத் தேடிக் கொழும்புக்குப் போகும் பெண்ணின் கதை. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. “இன்னமும் நான் அதுக்குள்ளேருந்து வெளிய வரல” என்றார்.

அதனால்தான் இந்துமதிக்கு அதிலிருந்து ஒரு பத்தி கேட்க ஆசை வந்தது.

விக்டர் தொண்டையைச் செருமினார். புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

“துறைமுக வாசலில் நின்று அவள் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தாள். வளைவும் சுழியுமாக ஒவ்வொரு எழுத்தும் துலக்கமாகத் தெரிந்தது. எதுவும் அவளுக்கு எதையும் சொல்லவில்லை. யாரிடமாவது கேட்கலாம். கேட்டால் தெரிந்துபோகும்.”

மூச்சுவிட நிறுத்தியபோது சிவப்பிரகாஷின் மடி கண்ணில் பட்டது. அங்கேயும் அதே நாவல். வரியைத் தேடிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது.

இனி நிறுத்தவும் முடியாது. விக்டர் பக்கத்தைப் புரட்டினார்.

“ஒரு பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பார்த்துக்கொண்டே இருந்தால் திரும்ப வந்துவிடும் என்று நினைத்தாள். நேற்றுவரை அவள் வாசித்துக்கொண்டிருந்த எழுத்துதான் அது.”

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது.

கீழே ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

இந்துமதி தன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். “இதுல இந்த வரியெல்லாம் இல்லயே அண்ணாச்சி.”

விக்டர் புத்தகத்தை மெல்லத் தாழ்த்தினார்.

“முதல் பதிப்புல உண்டும்மா” என்றார் சிவப்பிரகாஷ், மடியிலிருந்த நாவலை மூடியபடி. “அடுத்ததுல எடுத்துட்டாவ.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படியின் திருப்பத்தில் சிவப்பிரகாஷ் காத்திருந்தார். பிளாரன்ஸ் இரண்டு படி மேலே நின்று இந்துமதியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“விக்டர், நாளைக்கு வரவேண்டாம்” என்றார் தணிந்த குரலில். “லீவ நீட்டிக்கிடுங்க. பொறவு என்ன செய்யலாம்னு பாப்போம். பத்திரத்த இப்படி வாசிக்க முடியாதுல்லா.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் விக்டர் ஏதாவது மறுத்துச் சொல்லியிருப்பார்.

அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. கெஞ்சிக் கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

“சார், அவ புருசன் கிடைச்சானா?”

சிவப்பிரகாஷுக்குப் புரியவில்லை.

“பாதிதான் வாசிச்சிருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிட்டு.” விக்டர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “தினமும் எடுத்து எடுத்துப் பாக்கேன் சார். ஒரு எழுத்தும் பிடிபட மாட்டேங்கு. கிடைச்சானா இல்லயான்னு மட்டும் சொல்லுங்க.”

மேலே பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

பிளாரன்ஸ் இறங்கி வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

“முடிவச் சொல்லிராதிய சார்” என்றாள் சிவப்பிரகாஷிடம்.

பிறகு விக்டர் பக்கம் திரும்பினாள்.

“எந்த இடத்துல நிப்பாட்டுனிய?”