மேல்கட்டில்

மாலை நாலு பத்து. பாரிஸ் லாச்சப்பலில் ஒரு தேநீர்க் கடைக் கண்ணாடியில் மழை வழிகிறது. வடைத் தட்டைத் தள்ளிவிட்டுத் திருச்செல்வம் படிவத்தை மேசையில் விரிக்கிறார். வாங்கப் போவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சின்ன பைபர்கிளாஸ் கரவன், சக்கரம் வைத்த வீடு. உள்ளே என்னென்ன பொருத்துவது என்று ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. அடுப்பு, குளிர்பெட்டி, ஜன்னல் திரை என்று இறங்கி வந்த பேனை, மூன்றாவது ஆள் படுக்கும் மேல்கட்டிலுக்கான கட்டத்தில் நிற்கிறது. எதிரில் இருக்கும் மனைவி கௌசலா அந்தப் பேனை முனையையே பார்க்கிறாள். மகள் ஜனுஷா ஒரு பிரெஞ்சு இளைஞனோடு புறநகர் சார்செலில் குடியேறி எட்டு மாதமாகிறது. ஓகஸ்ட் விடுமுறைக்குத் தங்களோடு வர அவள் கேட்டிருப்பதைக் காலையில்தான் கௌசலா கணவரிடம் சொன்னாள். அவர் இப்போது மேல்கட்டிலைக் குறுக்கே வெட்டிவிட்டு, ஓரத்தில் தட்டு என்று பிரெஞ்சில் எழுதுகிறார்.

“என்ன தட்டு?”

“சாமித்தட்டு. ரொயிலெட் சுவரிலை சாமிப் படம் கொழுவேலாது. மிச்சம் மேல்கட்டில் வாற இந்தச் சுவர்தான்.”

“கார்க் கண்ணாடியிலை ஒட்டின முருகன் போதுமெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?”

“உமக்குச் சாமியும் பாரமாப் போச்சு.”

பக்கத்து மேசையில் பேச்சு நின்றுவிடுகிறது. கௌசலா படிவத்தின் மேல் கையை விரித்து வைக்கிறாள். அவர் அதை விலக்கவில்லை. அவளுடைய சுண்டுவிரலை ஒட்டியே நிதானமாகக் கையெழுத்திடுகிறார்.

“அவள் வந்தா எங்கை படுக்கிறது எண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ.”