முழங்கைக்கு மேலே

கேமரா தன் முகத்தை விட்டு இறங்கிக் கைக்கு வந்துவிட்டதை அவள் கவனித்தாள்.

ஏணியின் கீழ்ப்படியில் நின்று அருவி வரைந்துகொண்டிருந்தாள். சிறை மருத்துவமனையின் வெளிச்சுவர். கண்காணிப்பாளர் கேட்டது குற்றாலம். பாறை, தண்ணீர், ரெண்டு மான். மானுக்குப் பதிலாக அவள் குளிக்கிற பெண்களை வரைந்திருந்தாள். எல்லோருக்கும் அகன்ற தோள். எல்லோருக்கும் இடுப்பு வரை முடி.

அவளுக்கு முடி இல்லை. உள்ளே வந்த அன்றே மழித்துவிட்டார்கள்.

ஆண்கள் சிறை. மூன்றாம் பிளாக். இன்னும் தீர்ப்பு வராத வழக்கு. அங்கே அவள் பெயர் பாண்டித்துரை. அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பவளா.

படம் எடுக்க வந்தவள் இலக்கியா. சிறைக்குள் ஒரு திருநங்கை ஓவியம் வரைகிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி அனுமதி வாங்கியிருந்தாள். சின்ன ஆவணப்படம்தான். கேமராவைத் தாடிக்காரர் ஒருவர் பிடித்திருந்தார். அவர் ஏணிக்கு வலப்பக்கம். இடப்பக்கம், படத்தில் விழாத இடத்தில், வார்டன் தங்கமாயன்.

காலையிலேயே அவன் சொல்லியிருந்தான்.

“பெயிண்டைப் பத்திப் பேசு. சாமி படம் வரைஞ்சதைப் பத்திப் பேசு. பிளாக்கைப் பத்தி வாயைத் தொறந்தே... அவங்க சாயங்காலம் ஊருக்குப் போயிருவாங்க. நீ அங்கதாண்டா படுக்கணும்.”

இலக்கியா ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதன்முதலில் வரைந்தது எதை? டீக்கடை ஷட்டரில் ஒரு கிளி. கற்றுக்கொடுத்தது யார்? யாருமில்லை. பவளா சிரித்துக்கூடப் பேசினாள். இப்படி உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் கிடைத்து ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“அக்கா, ராத்திரில உங்களுக்கு இங்க பாதுகாப்பா இருக்கா?”

பிரஷ் நின்றது.

தங்கமாயன் நகரவில்லை. செருமவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றான்.

“அதெல்லாம் ஒரு குறையும் இல்லம்மா.”

சொல்லிவிட்டு பிரஷ்ஷை டப்பாவில் வைத்தாள். வெயில் ஏறியிருந்தது. யாருக்கும் வேர்க்கும். முழுக்கைச் சட்டையின் வலது கையை மடித்தாள். ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. முழங்கை வரை வந்து நின்றாள்.

அதற்கு மேலே மடித்தாள்.

பீடியால் சுட்ட தழும்புகள். கையின் உட்புறம், அக்குள் வரை. சில ஆறிக் கறுத்திருந்தன. சில இன்னும் சிவப்பு. ஒன்று நீர் கோத்திருந்தது.

அவள் கேமரா பக்கம் திரும்பியிருந்தாள். தங்கமாயன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவளுடைய முதுகுதான் தெரியும்.

பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டுக் கையை உயரே தூக்கினாள். அருவி விழத் தொடங்கும் இடம். அங்கே வேலை எப்போதோ முடிந்திருந்தது. இருந்தாலும் வரைந்தாள். மெதுவாக. கோட்டின் மேலேயே கோடு.

தாடிக்காரர் மூச்சை இழுப்பது கேட்டது. இலக்கியா அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

போதும் என்று தோன்றியபோது சட்டையை இறக்கிவிட்டாள்.

அவர்கள் போன பிறகு தங்கமாயன் வந்தான்.

“என்னடா சொன்ன?”

“நீங்க கேட்டுக்கிட்டுதான சார் இருந்தீங்க.”

அன்றும் மூன்றாம் பிளாக்கில்தான் படுத்தாள். மழைக்காலம் வந்தது, போனது. அதுவரைக்கும் அங்கேதான்.

படம் எங்கெங்கோ ஓடியது. யாரோ நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு நாள் உத்தரவு வந்தது. தங்கமாயனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பவளாவைத் தனி அறைக்கு மாற்றினார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள்.

அந்த அறையில் பெயிண்டுக்கு அனுமதி இல்லை. குற்றாலத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டதாகச் சோறு கொண்டு வந்தவர் சொன்னார். படத்தை அவளுக்கு யாரும் காட்டவில்லை.

யாரும் அவளைத் தொடவில்லை. யாரும் அவளோடு பேசவும் இல்லை.

ஒரு நாள், இதற்கு அந்த பிளாக்கே தேவலை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

பிறகொரு மத்தியானம் கதவைத் திறந்து ஒருத்தியை உள்ளே விட்டார்கள்.

சின்னப் பெண். மழித்த தலையில் ரத்தக் கீறல். உதட்டோரத்தில் அழியாமல் கொஞ்சம் சாயம். சுவரில் ஒட்டியபடி நின்றவள், பவளா தண்ணீர்ச் செம்பை நீட்டியபோது கையைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

“பவளாக்காதான?”

பவளா தலையசைத்தாள்.

“நான் அஞ்சனாக்கா. கோர்ட்ல ஜட்ஜம்மாகிட்டக் கேட்டுட்டேன், என்னை ஆம்பளைங்க பிளாக்ல போடாதீங்கன்னு. உங்க படத்தைப் பாக்கலைன்னா எனக்கு அப்படிக் கேக்கவே தெரிஞ்சிருக்காது.”

பவளா செம்பைக் கீழே வைத்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

“அதுல நான் என்னடி சொல்றேன்?”

அஞ்சனா யோசித்தாள்.

“ஒரு குறையும் இல்லம்மாங்கிறீங்க.”

பவளா பாயை உதறி விரித்தாள். கதவுப் பக்கம் தான் நகர்ந்து, சுவர்ப் பக்கத்தை அவளுக்கு விட்டாள்.