எல்லார் வீட்டிலும் கேஸ்

"இருமலுக்கு அடுப்புப் புகைதான் காரணம்னு நெனச்சோம். ஆராய்ச்சியில அப்படி வரல," என்றார் கொழும்பிலிருந்து வந்த டொக்டர்.

"இந்தத் தேயிலைத் தோட்டத்துல மேல் லயத்து வீடுகள்ல எல்லாரும் விறகு எரிக்கிறாங்க. உங்க லயத்துல எல்லார் வீட்டிலயும் கேஸ் இருக்கு, நானே பார்த்தேன். ரெண்டு லயத்துலயும் ஒரே அளவு இருமல். அதனால புகைக்கூடு கட்டித் தர்ற திட்டத்தை நிப்பாட்டிட்டாங்க."

கூடியிருந்த பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. ஜீவராணி முந்தானையால் வாயைப் பொத்தி இருமினாள்.

டொக்டரின் வேன் போனதும் அம்மாக்கண்ணு அவளிடம் சீறினாள். "உண்மையச் சொல்லியிருக்கலாமில்ல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது அக்கா? அன்னைக்கு டொக்டர் அடுப்பப் பார்க்க வந்தப்போ, நம்மள எளப்பமா நெனச்சிருவாங்கன்னு, அவங்க ஒவ்வொரு வீடா ஏற ஏற, உங்க ஒத்த சிலிண்டரத்தானே பின்பக்கமா அடுத்த வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடுனோம்."

அம்மாக்கண்ணுவின் குரல் இறங்கியது.

"அதுலயும் கேஸ் தீந்து வருசமாச்சு, புள்ள."