பூட்டுக்குள் இருந்த குப்பி

பிரிவுபசார விழாவுக்காக மருத்துவமனை மருந்தகத்தை அழகுபடுத்தியவர்கள், தனிப் பூட்டில் இருந்த பொட்டாசியம் குப்பியை எடுத்து, ஊசி மருந்தில் கலக்கும் உப்புநீர்க் குப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

“ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கோம்ல?” என்று பூரித்தது உப்புநீர்.

“அதான் எனக்கு உதறுது. உனக்குப் பதிலா என்னை ஊசியில ஏத்தினா உயிர் போயிடும்,” என்றது பொட்டாசியம்.

சொல்லி வாய் மூடவில்லை, அவசரமாக வந்த ஒரு நர்ஸின் கை அதையே தூக்கியது. பொட்டாசியம் அலறியது. மனிதக் காதில் அது விழவில்லை.

“பேரை வாய்விட்டுப் படிம்மா.”

அன்றோடு ஓய்வுபெற்று, சாவியை ஒப்படைக்க வந்த தலைமை மருந்தாளுநர் ஜெசிந்தா, தோளில் பொன்னாடையோடு வாசலில் நின்றார். “பொட்டாசியம்...” என்று படித்ததுமே நர்ஸ் குப்பியை அவரிடம் நீட்டினாள். ஜெசிந்தா குப்பியை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்.

கூடத்தில் மைக் முழங்கியது: “மேடம் இருந்த முப்பது வருஷத்துல இங்க ஒண்ணுமே நடக்கல!”

கைதட்டல் அடங்கியதும் பூட்டுக்குள்ளிருந்து பொட்டாசியம் கேட்டது:

“நாளைக்குச் சாவி யார்கிட்ட?”